மீன்தொட்டியும் நுண்ணுயிர்களும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் பலர், நீர் பளிங்குபோல் தெளிந்திருப்பின் அது தூயதென நம்புவர். யாமும் அங்ஙனமே நம்பி, தொட்டியையும் கூழாங்கற்களையும் வாரந்தோறும் தேய்த்துக் கழுவி, குழாய்நீரைப் புதிதாக நிரப்பி வந்தோம். இரண்டு திங்களுக்குள் கப்பி மீன்கள் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாய் மடிந்தன. பிழை யாது? தூய்மையில் யாம் காட்டிய அளவிறந்த ஆர்வமே.

உடலிற் கழிவாகும் நைட்ரஜனின் பெரும்பகுதியை மீன் செவுள்களின் வழியே அம்மோனியாவாக நீரில் விடுகின்றது. எஞ்சிய இரையும் அழுகி அதனைப் பெருக்கும். குளத்தில் அது பரந்து நீர்த்துப்போம், தொட்டியிலோ போக்கிடமில்லை. அதன் கொடுமை நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பி.எச். அளவு 7 ஆயின், நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவே கொடுநஞ்சாகிய தனி அம்மோனியாவாக நிற்கும். அளவு 8 ஆயின் ஐந்து பங்கிற்கு மேலாகும்.

இந்நஞ்சினை அகற்றுவன கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். 1890-இல் வினோகிராட்ஸ்கி என்னும் ருசிய அறிஞர் இத்தகையவற்றைத் தனியே பிரித்து வளர்த்தார். ஒருசாரன அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும்; மற்றொருசாரன அதனை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டு மீனின் குருதியைப் பழுப்பாக்கி, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுப்பது. நைட்ரேட்டு அத்துணைக் கொடியதன்று. இரு படிகளையும் ஓருயிரே முடிக்கவல்லது என்பது 2015-இல்தான் மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வுயிர்களுட் சில, மீன் வளர்க்கும் நிலையமொன்றின் வடிகட்டியிலிருந்தே பெறப்பட்டன என்பது நம்மனோர்க்கு உவகை தருவது.

இவை பெரும்பாலும் நீரில் மிதந்து திரிவனவல்ல. கல், மணல், வடிகட்டியின் பஞ்சு ஆகியவற்றில் ஒட்டி வாழ்வன. யாம் தேய்த்துக் கழுவியது இவற்றின் குடியிருப்பையே! எஞ்சியவற்றையும் குழாய்நீரின் குளோரின் கொன்றிருத்தல் வேண்டும். மீனுக்கும் அது தீங்கே.

அடுத்தமுறை, நண்பரொருவரின் பழந்தொட்டிப் பஞ்சினை வாங்கி எம் வடிகட்டியிற் பொருத்தினோம். இவ்வுயிர்கட்குப் பிராணவாயு இன்றியமையாததாகலின், காற்றுக்குழாயை இரவும் பகலும் இயங்கவிட்டோம். இரண்டே மீன்களை விட்டுச் சிறிதே இரையிட்டோம். பழம்பஞ்சு கிடையாதார் நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்தல் வேண்டும். கடையில் விற்கும் உலர்பொடிகளில் எமக்கு நம்பிக்கையில்லை. இத்தொழில் புரியும் பாக்டீரியாக்கள், சில பிற இனங்களைப்போல வித்துருக்கொண்டு உறங்கிக் கிடக்கும் இயல்பினவல்ல.

எஞ்சும் நைட்ரேட்டை நீர்ச்செடிகள் ஓரளவு உண்ணும். மிகுதியை, வாரத்திற்கு நான்கிலொரு பங்கு நீரை மாற்றிப் போக்குக. புதுநீரில் குளோரினை நீக்கும் மருந்திடுக. பஞ்சினைத் தொட்டியினின்று எடுத்த பழநீரிலேயே அலசுக. எம் தொட்டிக் கற்கள் இப்போது சற்றே பழுப்பேறி வழுவழுப்பாயுள்ளன. காண்போர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். மீன்களோ குஞ்சுகள் ஈன்றுள்ளன.