மின்பட்டைக்கு மேற்பூச்சு

திண்டுக்கல் சமவெளியில், ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்திற்கு அணித்தே உள்ளது சித்தையன்கோட்டை. இத்தகைய வயல் சூழ்ந்த ஊர்கட்குப் பதினோராயிரம் வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரம், மின்மாற்றியால் 433 வோல்ட்டாகத் தாழ்த்தப்பட்டு அரைவை ஆலைகட்கும் இறைவை எந்திரங்கட்கும் செல்கின்றது. ஆலையின் இரும்புப் பெட்டியைத் திறப்பின், தாமிரத்தாலோ அலுமினியத்தாலோ ஆகிய தட்டையான பட்டைகள் வரிசையாய் நிற்றலைக் காணலாம். வந்த மின்சாரத்தை ஏற்றுப் பல கிளைகட்கும் பகிர்ந்தளிப்பன இவையே. மின்வினைஞர் இவற்றைப் பஸ்பார் என்பர். இலத்தீனில் 'அனைவர்க்கும்' எனப் பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்னும் சொல் முதற்குறையாய் நின்றதே இப்பெயரிலுள்ள 'பஸ்'. தெருவில் ஓடும் பஸ்ஸும் அதுவே. இலக்கண மாணாக்கராகிய நமக்கு இஃது இனிப்பூட்டும் செய்தியாதலின் ஈண்டுக் கூறினோம்.

நிற்க. ஒரு மில்லிமீட்டர் அளவு உலர்ந்த காற்று ஏறத்தாழ மூவாயிரம் வோல்ட்டைத் தடுக்க வல்லது. அங்ஙனமாயின் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்கும் பட்டைகட்குப் பூச்சு எற்றுக்கு என்று வினவலாம். காற்று மட்டும் இருப்பின் வேண்டுவதில்லை. ஆனால் நம் நாட்டுப் பெட்டிக்குள் காற்று மட்டும் இருப்பதில்லை. பல்லி வரும், அணில் வரும், மழைக்காலத்து ஈரம் வரும். திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் பஞ்சுத்தூசி படியும். உலர்ந்த தூசி வாளாவிருக்கும். ஈரமுற்றால் மின்சாரத்திற்கு வழி விடும். இரண்டு பட்டைகளை ஒரு பல்லி இணைத்துவிடின், அது கருகும் கணத்திலேயே மின்வில் என்னும் சுடர் எழுந்து தாமிரத்தையே உருக்கி ஆவியாக்கும். பெட்டியின் கதவு திறந்திருந்தால் முன் நிற்பவன் முகமும் கையும் வேகும். இதனைத் தடுப்பதே பூச்சின் முதற் பயன்.

இனி, எதனைப் பூசுவது? பண்டை மின்பொறியாளர் அரக்கைக் கரைத்துப் பூசினர். அது நல்ல மின்காப்பே. ஆயினும் எண்பது பாகை வெப்பத்தருகே இளகும், தீயும் பற்றும். அரக்கு மாளிகைக்கு நேர்ந்ததைப் பாரதம் படித்தார் அறிவர். கோடையில் வெளிவெப்பமே நாற்பது பாகையை எட்டும் இந்நிலத்தில், அடைத்த பெட்டிக்குள் நிறைசுமை ஏற்ற பட்டை எண்பது, தொண்ணூறு பாகை அடைதல் இயல்பு. ஆகவே, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. டேப்பைச் சுற்றிவிடுவது போதாது. எழுபது பாகைக்கு மேல் அஃது அதிக நாள் தாங்காது. பசை இளகிச் சுருள் அவிழும். ஆலைக்காரர் பலர் அதனையே சுற்றி, காப்பு முடிந்ததென்று அமைதி கொள்வது எமக்கு அச்சம் தருகின்றது.

தகுதியுடையவை இரண்டு. ஒன்று, சூடேற்றினால் சுருங்கும் பாலிஒலிபின் ஸ்லீவ். இது சுமார் 105 பாகை வரை நிலைத்து உழைக்கும். நம் நாட்டு வழக்கப்படி சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று நிறங்களிலும் கிடைக்கும். மற்றொன்று எபாக்சித் தூள். பட்டையைச் சுமார் இருநூறு பாகைக்குக் காய்ச்சி, காற்றூதலால் நீர்போல் அலையும் தூளில் மூழ்குவித்தால், தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். 1950-களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பார் வகுத்த முறை இது. வளைவும் துளையும் மிகுந்த பட்டைக்கு எபாக்சி சிறந்தது. ஆயின் அதற்கென அமைந்த தொழிற்சாலையிலேயே செய்ய இயலும். நேரிய பட்டையாயின் ஆலையிலேயே ஸ்லீவ் ஏற்றிவிடலாம். சித்தையன்கோட்டையை ஒத்த ஊர்கட்கு ஸ்லீவே ஏற்றதென்பது எம் கருத்து.

ஸ்லீவின் அளவைக் கணித்தல் எளிது. ஐம்பது மில்லிமீட்டர் அகலமும் பத்து மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டையின் சுற்றளவு 120. அதனை 3.14-ஆல் வகுக்கச் சுமார் 38 வரும். விரிந்த நிலையில் விட்டம் 38-க்கு மிக்கும், முழுதும் சுருங்கிய நிலையில் அதனிற் குறைந்தும் இருத்தல் வேண்டும். ஐம்பதினின்று இருபத்தைந்தாகச் சுருங்குவது இதற்குப் பொருந்தும். நீளமும் சிறிது சுருங்குமாதலின் மிகையாக வெட்டுக. சூட்டை நடுவில் தொடங்கி இரு முனைகட்கும் கொண்டு செல்க. முனைகளில் தொடங்கின் காற்று உள்ளே சிறைப்படும். உயர் அழுத்தத்தில் அக்காற்றுக் குமிழிகளிலேயே நுண்பொறி தோன்றிக் காப்பை நாளடைவில் அரித்துவிடும்.

பூசுமுன் செய்யும் வேலையே பெரிது. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோரைப் பாருங்கள். அவர் புளியும் மணலும் இட்டுத் தேய்த்து, நவச்சாரம் தூவிய பின்னரே ஈயத்தைத் தொடுவர். எண்ணெய்ப்பசையோ களிம்போ இருந்தால் ஈயம் பிடியாது, எபாக்சியும் அவ்வாறே. பட்டையின் விளிம்புகளையும் அரத்தால் மழுக்குதல் வேண்டும். கூரிய விளிம்பினின்று உருகிய தூள் விலகி ஓடும். அங்கே பூச்சு மெலியும். கூரிய பிசிறு ஸ்லீவையும் கிழிக்கும். துளையிடும் வேலை அனைத்தும் பூச்சிற்கு முன்பே முடிதல் வேண்டும். பட்டையும் பட்டையும் சேரும் இடத்தில் மட்டும் பூச்சு ஒரு துளியும் புகலாகாது. அங்கு வெற்று உலோகமே உலோகத்தைத் தொட வேண்டும். முடுக்கிய பின்னர், கழற்றி மாட்டத்தக்க மூடியை அம்மூட்டின்மேல் இடுவர்.

பூச்சிட்டால் பட்டை புழுங்காதோ என்று சிலர் ஐயுறுவர். ஒளிரத் துலக்கிய தாமிரம் வெப்பத்தைக் கதிர்வீசும் திறனில், முழுக் கரும்பொருளின் பத்தில் ஒரு பங்கும் இல்லை. மங்கலான பூச்சு ஏறியபின் அத்திறன் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்காகின்றது. ஆகவே, மெல்லியதாய் இறுக ஒட்டிய பூச்சு பட்டையைக் குளிர்விக்கவும் கூடும். தளர்ந்து காற்றிடை விட்ட உறையோ போர்வைபோல் வெப்பத்தை அடைக்கும்.

வேலை முடிந்தபின் பூச்சின்மேல் உயர் அழுத்தத் தூரிகையை நகர்த்திச் செல்வர். ஊசித்துளை இருக்குமிடத்தில் பொறி பறந்து காட்டிக்கொடுக்கும். இச்சோதனையில் தேறிய பட்டையாயினும் கையால் தொடத்தக்கதன்று. பல்லிக்கும் தூசிக்கும் தடையாக அமைந்த பூச்சு மனிதன் கைக்கு உறையாகாது. நிறம் கண்டு துணிந்து கை நீட்டுவது அறியாதார் செயல். பெட்டியில் வேலை செய்யப் புகுவோர், பூச்சிட்ட பட்டையையும் வெற்றுப் பட்டையென்றே கொண்டு, மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி, கருவியால் சோதித்து, பட்டைகளைப் புவியோடு இணைத்த பின்னரே கை வைப்பர். பெட்டியை மீண்டும் மூடுமுன் மூட்டுகளின் மூடிகளை எண்ணிப் பார்ப்பர்; பழுது பார்க்கையில் கழற்றியதொன்றை மாட்ட மறப்பின், அந்த ஒரு மூட்டே பல்லிக்கு வழியாகும்.