டிராக்டர் டிரெய்லரில் பாரம் ஏற்றும் முறை

முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்கள் நம் விவசாயப் பெருமக்களுக்குப் புதியன அல்ல. மாட்டு வண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாடு உடனே தன் சிரமத்தைக் காட்டிவிடும். வண்டிக்காரரும் இரண்டு மூட்டைகளை இடம் மாற்றி வைப்பார். டிராக்டர் அவ்வாறு காட்டுவதில்லை. பரம்பரையாக வண்டி ஓட்டிய குடும்பத்தாரும் டிரெய்லர் வாங்கியபின் இக்கணக்கை மறந்துவிடுவதை நாம் காண்கிறோம்.

இரு சக்கர டிரெய்லரில் ஏற்றும் பாரத்தை அச்சும் கொக்கியும் பகிர்ந்து தாங்குகின்றன. அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின்மேல் இறங்குதல் வேண்டும். 50 கிலோ நெல் மூட்டைகள் 60 ஏற்றுவதாகக் கொள்வோம். பாரம் 3,000 கிலோ. அச்சுக்கும் கொக்கிக்கும் இடையே 10 அடி தூரம் இருந்து, பாரத்தின் மையம் அச்சுக்கு 1 அடி முன்னே அமைந்தால், கொக்கியில் 300 கிலோ இறங்கும். அம்மையம் 1 அடி பின்னே சென்றுவிட்டாலோ, அதே 300 கிலோ கொக்கியை மேல்நோக்கித் தூக்கும். அப்போது டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியும். மாறாக, மூட்டைகள் யாவும் முன்னே குவிந்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படமாட்டா.

சில ஆண்டுகளுக்கு முன், அறுவடைக் காலத்தில் ஒரு கிராமத்திற்கு நாம் சென்றிருந்தோம். இறக்குவதற்கு வசதி என்று கருதி, மூட்டைகளைப் பின்கதவோரமாகவே உயர அடுக்கியிருந்தனர். வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் பாரம் மேலும் பின்வாங்கியது. டிராக்டரின் சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. வண்டி முழுவதும் பின்னோக்கிச் சரிந்தது. மூட்டைகளின்மேல் அமர்ந்து வந்த பெண்ணொருவருக்குக் கால் முறிந்தது. மூட்டை அடுக்கியவர் அவருடைய கணவரே. டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது சட்ட விரோதம் என்பதை அவ்வூரில் அறியாதவர் இல்லை. நடவுக்கும் அறுவடைக்கும் ஆட்களை அழைத்துச் செல்ல வேறு ஏற்பாடு செய்வது குறித்துப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தங்கள் கூட்டத்திலேயே பேசலாகாதா?

வைக்கோல் பாரம் எடையில் குறைவு. உயரத்திலோ அபாயம் அதிகம். வரப்போரத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலே கவிழ்ந்துவிடும். கனமானவற்றை அடியிலும், இருபுறமும் சமமாகவும் வைத்துக் கயிற்றால் இறுக்குக. டிராக்டரின் பின்அச்சுக்கு மேலான இடத்தில் சங்கிலி கட்டி இழுத்தால், முன்புறம் தூக்கி டிராக்டரே பின்னோக்கிக் கவிழக்கூடும். தாழ்ந்த கொக்கியிலேயே பூட்டுதல் வேண்டும். சாலையில் இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடுக. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது டீசலை மிச்சப்படுத்தும் என்பார் பேச்சைக் கேளாதீர்.

இறக்கும்போதும் கவனம் தேவை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபின், பின்புற மூட்டைகளையே முதலில் எடுக்கவேண்டும். கொக்கியைக் கழற்றிய டிரெய்லரில் முன்மூட்டைகளை முதலில் இறக்கினால், அது பின்புறமாகச் சாய்ந்து, அங்கு நிற்பவர் மேலேயே மிச்சப் பாரத்தைக் கொட்டிவிடும்.