புல்வெட்டி எஞ்சினில் ஓடும் பொம்மைக் கார்

விடுமுறைக்கு வந்த பேரன், ரேடியோவில் இயங்கும் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள கார் ஒன்றின் சட்டத்தைக் கொண்டு வந்து, "தாத்தா, இதில் புல் வெட்டும் மிஷினின் எஞ்சினை வைக்கலாமா?" என்று கேட்டான். வைக்கலாம். இவ்வகைக் கார்களுக்கென்று ஜப்பானியர் செய்த ஸெனோவா எஞ்சின்களே தோட்டக் கருவி எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். திருவனந்தபுரத்தில் புரையிடம் துப்புரவாக்கும் மிஷின்கள் ஏராளம். பழையது ஒன்று சுலபமாகக் கிடைத்தது.

அதன் பெயர்த் தகட்டில் '1ஈ34எஃப்' என்றிருந்தது. ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 34 மி.மீ. விட்டம், காற்றால் குளிர்வது என்று பொருள். பிஸ்டன் நகரும் தூரம் 28 மி.மீ. கணக்கிட்டால் 25.4 சி.சி. டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சினின் 16 சிலிண்டர்களில் ஒன்று மட்டுமே சுமார் 10,900 சி.சி. ஆயினும் இந்தக் குட்டி எஞ்சினிடம்தான் நான் அதிகம் திட்டு வாங்கினேன் என்பேன்.

முதல் எச்சரிக்கை: எஞ்சினைச் சட்டத்தில் பொருத்தக் கிராங்க் கேஸில் புதுத் துளை போடாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகிறது. அங்கே மயிரிழை ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று புகும். கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளுக்கு ஏற்ப 6 மி.மீ. அலுமினியத் தகட்டைக் கரமனையில் ஒரு லேத்துப் பட்டறையில் வெட்டி வாங்கினேன். பல்சக்கரங்களுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து நெருக்கி, போல்ட்டை முறுக்கிய பின் காகிதத்தை உருவினால் இடைவெளி சரியாக அமையும்.

அடுத்தது கிளட்ச். புல்வெட்டியில் அது நிமிடத்துக்குச் சுமார் 4,000 சுற்றில் பிடிக்கும். 12 கிலோ காரை இழுக்க அந்த வேகத்தில் இந்த எஞ்சினுக்கு வலு போதாது, 6,000 வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதானே என்று ஸ்பிரிங்கை ஒன்றரை மடங்காக்கினால் போதாது. வெளித்தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்க இரண்டே கால். அத்தனை மடங்கு இழுவிசையுள்ள ஸ்பிரிங் தேவை. இதைப் பேரனே கணக்குப் போட்டுச் சொன்னபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

இனி முக்கியமான செய்தி. ஆக்ஸிலரேட்டரை இழுக்க ஒரு சர்வோ மோட்டார் வைக்கிறோம். முதல் ஓட்டத்தில் காரிலுள்ள பாட்டரியின் வயர் அதிர்ச்சியில் கழன்றது. சர்வோ இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது, பாதி திறந்தபடி. கார் ரிமோட்டுக்கு அடங்காமல் மைதானத்தின் மதிலில் போய் மோதியது. இரண்டடி தள்ளிப் பக்கத்து வீட்டுக் குழந்தை நின்றிருந்தாள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 12 கிலோ என்பது, அதே எடை 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். தவறு என்னுடையதே. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

நாற்பதாண்டு ரயில்வேயில் நான் கற்றதை வீட்டில் மறந்துவிட்டேன். ரயிலில் பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விலகி நிற்கும். பைப் அறுந்தால் வண்டி தானே நிற்கும். இங்கும் அப்படியே செய்தோம். மாக்னெட்டோவின் நிறுத்தும் வயரை எஞ்சின் உடம்பில் தொடவைத்தால் தீப்பொறி நின்றுவிடும். மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் ரிலே ஒன்றை அந்த வயருக்கும் உடம்புக்கும் நடுவே வைத்தோம். ரிசீவரின் மூன்றாவது சானலால் இயங்கும் மின்ஸ்விட்ச்தான் ரிலேயைத் திறந்து வைத்திருக்கிறது. பாட்டரி போனாலும், ரேடியோ அலை போனாலும் ரிலே மூடும், எஞ்சின் நிற்கும். ரேடியோ அலை நின்றால் அந்தச் சானல் அணையும்படி ரிசீவரில் மறவாமல் அமைக்கவேண்டும். சக்கரங்களைத் தூக்கி முக்காலியில் வைத்து, இருபது முறை வயரைப் பிடுங்கியும் ரிமோட்டை அணைத்தும் பார்த்தோம். அதற்குப் பிறகே தரையில் இறக்கினேன்.

பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருவதால் ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடித்ததும் டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டரும் வறளும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசிக்கு ஆயில் தடவிய பஞ்சு வடிகட்டி அவசியம்.