குண்டு மிரட்டல் வந்தா போலீஸ் என்ன செய்யணும்?

"ஒரு மெயில் தட்டிவிட்டா எக்ஸாம் தள்ளிப் போயிடும் மச்சி" - ஹாஸ்டலில் இந்த ஜோக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. 2024 பிப்ரவரி 8-ம் தேதி சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்கு வந்த மிரட்டல் மெயில்கள் புரளிதான். பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் பதறி ஓடினது புரளி இல்லை.

பெரும்பாலும் புரளிதானே, எதுக்கு மோப்ப நாயோட வரணும்? 1984 ஆகஸ்ட் 2, மீனம்பாக்கம் விமான நிலையம். குண்டு இருக்குன்னு முன்கூட்டியே போனில் எச்சரிக்கை வந்தது. பெட்டிகளை நேரத்துக்கு அப்புறப்படுத்தவில்லை. 33 பேர் இறந்தாங்க.

அதனால் முதலில் தகவலை எடைபோடணும். இடம், நேரம் குறிப்பாகச் சொல்லியிருக்கா, பொத்தாம்பொதுவா இருக்கா? விமான நிலையங்களில் இதற்கென்றே ஒரு குழு கூடும். அடுத்து தேடல். லேபில் எந்தப் பொருள் புதுசுன்னு போலீஸைவிட லேப் அட்டெண்டருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் தேடுவது வீண். நம்மைக் கொண்டுபோய் நிறுத்துற மைதானத்தையும் முன்னாடியே சோதிக்கணும். இதைத்தான் பலரும் மறந்துடறாங்க. இரண்டாவது குண்டு அங்கே இருக்கலாமே!

சந்தேகப் பொருள் கிடைச்சா, சாதாரணக் காவலர் தொடவோ நகர்த்தவோ கூடாது. பக்கத்தில் நின்று வாக்கி-டாக்கியில் பேசவும் கூடாது. ஆட்களை விலக்கிட்டு, வெடிகுண்டு நிபுணர்களிடம் விட்டுடணும்.

மெயில் அனுப்பினவர்? பெயரை மறைத்து மிரட்டினால், பாரதிய நியாய சன்ஹிதா 351(4)-ன்படி, மிரட்டலுக்கான தண்டனையோடு கூடுதலாக 2 ஆண்டு வரை சிறை. அரியரை அடுத்த செம்மில் கிளியர் பண்ணிக்கலாம், மச்சி.