லிதுவேனியரது அயன விழா

சூரியன் வடக்கு நோக்கிச் செல்லுங் காலம் உத்தராயணம், தெற்கு நோக்கிச் செல்லுங் காலம் தட்சிணாயனம் என்று நம் மாணாக்கர் மனனம்பண்ணி ஒப்புவிப்பர். வடக்கெல்லையிலே சூரியன் நின்று திரும்பும் நாள் யாது என்று வினாவினாலோ வாய் திறவார். இஃது அவர் குற்றமன்று. யாழ்ப்பாணத்திலே அந்நாளின் பகற்பொழுது ஏறக்குறைய 12 மணி 43 நிமிஷம். ஆண்டின் மற்றை நாள்களுக்கும் அதற்கும் வேறுபாடு சிறிதே. கண்ணுக்குப் புலனாகாததைப் பிள்ளை எங்ஙனம் உணரும்? ஆதலின், அவ்வேறுபாடு நன்கு புலனாகும் ஒரு தேசத்தைக் காட்டிப் பாடஞ் சொல்லுதல் தகும்.

அத்தேசம் பால்டிக் கடலின் கீழ்கரையிலுள்ள லிதுவேனியா. அதன் தலைநகராகிய வில்னியசிலே மாரிகாலத்துக் குறும்பகல் ஏழேகால் மணிக்குச் சற்றே குறையும். யூன் மாதத்து நெடும்பகலோ 17 மணிக்கு மேற்படும். இருளிலே பாதி ஆண்டைக் கழித்த குடியானவனுக்குச் சூரியன் உச்சமடையும் அவ்விரவு எத்தகையது என்பதை உபாத்தியாயர்கள் முதலிலே மாணாக்கர் மனத்திற் பதியச் செய்தல் வேண்டும். அதன்பின்னரே சடங்கு விளங்கும்.

அவ்விழாவின் பழம்பெயராக இன்று வழங்குவது ராசோஸ். ராசா என்பது அவர் மொழியிலே பனித்துளி. வடமொழியின் ரசம் என்னுஞ் சொல்லுக்கு இஃது உறவு; அவ்வாறே உக்னிஸ் என்பது அக்கினிக்கும், தியேவாஸ் என்பது தேவ என்பதற்கும் உறவு. இதைக் கொண்டு அவர் சமயம் நம் சமயத்தின் கிளையென்று சொல்லிவிடலாகாது. சொல்லுறவு வேறு, சமயவுறவு வேறு.

அன்று பகலிலே பெண்கள் மூலிகையும் பூவுங் கொய்து மாலை தொடுப்பர். இலையும் பூவும் வேய்ந்த வாயிலொன்று சமைத்து, அதன்வழியே எல்லாரும் விழாக்களத்தினுட் புகுவர். மாலைச் சூரியனைப் பாட்டினாலே வழிவிட்டபின் குன்றின்மீது தீ மூட்டி, அதிலே தானியம் முதலியன இட்டு வணங்குவர். இளைஞர் தீயைத் தாண்டுவர். கன்னியர் தம் மாலைகளை விளக்கோடு ஆற்றிலே மிதக்க விட்டு, விவாகக் குறி பார்ப்பர். நள்ளிரவிலே பன்னத்தின் பூவைத் தேடிக் காட்டினுட் செல்லுதலும் உண்டு. அதைக் காண்பவன் பிறர் நெஞ்சிலுள்ளதை அறிவான் என்பது கதை.

பன்னம் பூவாத் தாவரமன்றோ என்று தாவரநூல் கற்ற மாணாக்கன் நகைப்பான், நகைக்கட்டும். தேடுவோன் தனித்தே போதல் வேண்டும் என்பது அக்கதையின் விதி. ஆண்டிற்கொருமுறை, கூட்டத்தையும் பாட்டையும் விட்டு, இருட்காட்டிலே தன்னோடு தானே சிலநாழிகை இருப்பவன் பிறர் நெஞ்சை அறியாவிடினும் தன் நெஞ்சைச் சிறிதறிவான் என்பதே நம் கருத்து. விடியற்காலையிலே பனிநீரால் முகங்கழுவி, உதிக்குஞ் சூரியனை எதிர்கொள்வர்.

இனி, இவ்வழக்கம் பட்ட பாடு. ஐரோப்பாவிலே இறுதியாகக் கிறித்து சமயம் புகுந்த அரசு லிதுவேனியா. 1387ஆம் ஆண்டிலே யோகைலா என்னும் அரசன் தன் குடிகளுக்கு ஞானஸ்நானஞ் செய்வித்தபோது, புனிதத் தீ அவிக்கப்பட்டது, திருக்காவுகள் வெட்டப்பட்டன, பூசிக்கப்பட்ட பாம்புகள் கொல்லப்பட்டன. அவர்க்கும் அஞ்ஞானிகள் என்னும் பட்டமே சூட்டப்பட்டது. அப்பட்டம் நமக்கும் புதிதன்று. விழாவோ அழியவில்லை. யோவான் திருநாள் என்று பெயர் மாறி, கிறித்து பிறப்புக்கு ஆறு திங்கள் முந்திய யூன் 24இலே நின்றது. தீயும் மாலையும் பனிநீரும் நாட்டுப்புறத்திலே தொடர்ந்தன. பெண்களின் பாட்டு அவற்றை வாழ்வித்தது.

பாட்டின் வலியை அறிந்தவருள் ஒருவர் வீதூனாஸ். 1868இலே பிறந்த இவர் தில்சே நகரிலே பள்ளியுபாத்தியாயராயிருந்தவர். பாடகர் குழுவொன்றை நடத்தி, ராம்பீனாஸ் குன்றின் விழாக்களிலே பாடச் செய்தவர். பகவற்கீதையை லிதுவேனிய மொழியிலே பெயர்த்தவரும் இவரே.

பின்பு சோவியத்து ஆட்சி வந்தது. 1967ஆம் ஆண்டிலே கெர்னவே என்னும் பழைய அரசிருக்கையின் குன்றுகளிலே, யோனாஸ் திரின்கூனாஸ் என்பவரும் அவர் தோழரும் ராசோஸ் விழாவை வெளிப்படையாக எடுத்தனர். நாட்டார் வழக்கு ஆராய்ச்சி என்னும் பெயரே அவர்க்குக் கவசமாயிற்று. அக்கவசம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1971இலே அவர் சங்கந் தடுக்கப்பட்டது. 1973இலே திரின்கூனாஸ் தம் பல்கலைக்கழக வேலையை இழந்தார். விழாவெடுத்தமைக்காகக் கற்பிக்குந் தொழிலை இழந்த ஒருவரை நம் உபாத்தியாயர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேசம் விடுதலையடைந்தபின், 1992இலே அவர் நிறுவிய ரோமுவா என்னுஞ் சமயசங்கம் பதிவு பெற்றது. ஆயினும் அரசின் அங்கீகாரத்தை 2019இலே பாராளுமன்றம் மறுத்தது; 2021இலே ஐரோப்பிய மனிதவுரிமை நீதிமன்றம் அம்மறுப்பைத் தவறென்றது; 2024 திசெம்பரிலே அங்கீகாரங் கிடைத்தது. திரின்கூனாஸ் அதைக் காண இருக்கவில்லை, 2014இலே காலமாயினார்.

அறுந்த வழிபாட்டை முடிந்துகொண்டால் அது பழையதாகுமா என்று கேட்பாருளர். கேள்வி நேரியதே. அவர்தங் குருபரம்பரை நெடுங்காலத்துக்கு முன்னரே அற்றது. இன்று குருவாயிருப்போர் புதியவர். இதனை மறைத்தல் நன்றன்று. ஆனால் தீமூட்டலையும் மாலையையும் பாட்டையும் அவர் புனைந்தாரல்லர். கிழவிகளிடத்தே கேட்டுப் பெற்றனர்.

சூரியன் திரும்புவது யூன் 20 அல்லது 21இல். அவர் விடுமுறையோ 24இல். மூன்று நாட் பிழை. நாமோ தட்சிணாயனத்தை ஆடிமுதலாகக் கொள்கின்றோம். பிழை ஏறக்குறைய 25 நாள். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களையொட்டிக் கணிப்பது. அயனமோ 72 ஆண்டுக்கு ஒருபாகையாகப் பின்வாங்குவது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகட்கு முன்னே இரண்டும் ஒன்றாயிருந்தன.

இதனைக் கரும்பலகையிலே எழுதிக் காட்டுதலினும், யூன் 21 நண்பகலிலே பள்ளிமுற்றத்தில் ஒருமுழக் கோலை நிமிர நட்டுக் காட்டுதல் எளிது. நிழல் தெற்கே விழும். அளவு ஏறக்குறைய கால்முழம். அதைக் கீறி நாளெழுதி வைக்க. ஆடிப்பிறப்பன்று, பிள்ளைகள் கூழ் குடிக்கப் போகுமுன், நண்பகலிலே அதே கோலை நடுக. நிழல் ஐந்திலொரு முழமாகக் குறைந்திருக்கும். சூரியன் எப்போது திரும்பிற்று என்று அப்பொழுது அவர்களையே கேட்க.