ஊரை ஏன் போட்டாய், தம்பி?



உன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உன் கட்டுரையைத் தேடி எடுப்பார்கள், அதில் வருகிற ஆளையும் பிடித்துவிடுவார்கள். என் முதல் கோபமே அதுதான். கடலூர் மத்திய சிறையிலிருந்து விடுதலையாகி, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டகையில் வேலை பார்க்கிறவர் அவர். பெயரை மாற்றினாய், சரி. ஊரையும், கொட்டகை இருக்கிற சாலையையும் ஏன் அப்படியே போட்டாய்? சென்னையில் படிக்கிறவனுக்கு அது வெறும் ஊர்ப்பெயர். இங்கே டீக்கடையில் பேப்பர் புரட்டுகிறவனுக்கு முழு விலாசம். முதலாளி தெரிந்துதான் வேலை கொடுத்தார் என்கிறாய். கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிற பெண்களுக்குத் தெரியுமா? இப்போது தெரிந்திருக்கும்.

1918இல் பாரதியைக் கடலூர் சிறையில் வைத்ததிலிருந்து ஆரம்பிக்கிறாய். அந்தக் கேப்பர் மலைச் சிறையைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். போகட்டும். வேலூர் சிறையின் ஷூ, கோவைச் சிறையின் நெசவு, கைதிகள் நடத்துகிற பெட்ரோல் பங்க் இதெல்லாம் நீயே நன்றாக எழுதியிருக்கிறாய்.

என்னால் விட முடியாதது அந்தப் பெட்டிச் செய்தி. மறுபடி குற்றம் செய்கிறவர்கள் நார்வேயில் 20 சதவீதம், அமெரிக்காவில் 68 சதவீதம். ஆகவே நார்வேயின் மறுவாழ்வுத் திட்டம் மூன்று மடங்கு மேல். இப்படியா கணக்குப் போடுவது? நார்வே எண், வெளியே வந்த இரண்டு வருஷத்துக்குள் புதிதாகத் தண்டனை பெற்றவர்களுடையது. அமெரிக்க எண், 2005இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களில் மூன்று வருஷத்துக்குள் மறுபடி கைதானவர்களுடையது. கைது வேறு, தண்டனை வேறு என்று கோர்ட் வாசலிலேயே கிடக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

நம்மூரில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. ராத்திரி ஒரு பூட்டு உடைந்தால், விடிவதற்குள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் பழைய கேஸ்காரன். அவன் எடுத்தானா என்பதெல்லாம் அப்புறம். கைதை எண்ணினால் அவன் திருந்தாததை மட்டுமா எண்ணுகிறோம்? போலீஸின் பழக்கத்தையும் சேர்த்துத்தான் எண்ணுகிறோம்.

அந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. நிருபராகச் சேர்ந்த புதிதில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் அஜீஸ் நகருக்குப் போயிருந்தேன். தென்னாற்காடு ஜில்லாவில், சில சாதிகளையே குற்றவாளிகளென்று பட்டியல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வெள்ளைக்காரன் அமைத்த குடியிருப்பு. அவன் பார்வையில் அதுவும் சீர்திருத்தத் திட்டம்தான். வேலை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. வெளியே போக மட்டும் அனுமதிச் சீட்டு வேண்டும், ஆஜர் கொடுக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. நான் போனது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. திண்ணையில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டு நின்றார். வந்தது ஏதோ கம்பெனி ஜீப். அது போன பிறகும் கொஞ்ச நேரம் உட்காரவில்லை. 1993இல் கம்மாபுரம் போலீஸ் காவலில் ராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டது எதற்காக? திருட்டு விசாரணை. குறவர் குடும்பம். அந்தப் பட்டியல் போய் 46 வருஷம் ஆகியிருந்தது.

இவ்வளவு திட்டினாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளியே வந்து மாதக்கணக்காகியும், மேஸ்திரியிடம் கேட்காமல் ஒன்றுக்குப் போகத் தெரியாமல் உன் கட்டுரையில் வருகிறவர் நிற்கிற இடம், வெறும் நாலு வரி. ஜெயிலைப் பற்றி நான் எழுதிய அத்தனையையும் அந்த நாலு வரிக்குக் கொடுத்துவிடலாம்.

அடுத்த கட்டுரைக்கு ஜெயில் சூப்பிரண்டெண்டிடம் பேட்டி வேண்டாம். நன்னடத்தை அலுவலரைப் பார். அவர் கையில் எத்தனை பேர், எத்தனை பேரை நேரில் போய்ப் பார்க்க முடிகிறது என்று கேள். பிறகு ஸ்டேஷனுக்குப் போய், ஊரில் திருட்டு நடந்தால் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்குப் போகும் என்று விசாரி. சொல்ல மாட்டார்கள். அந்தத் தெருவில் கேள், சொல்வார்கள். தெருப்பெயரை மட்டும் போடாதே.