நின்றொளிரும் பொய்யிரை

ஒரு பொருளுக்கு வழங்கும் பெயர் பிழைபடுமாயின், அப்பொருளைப்பற்றி நாம் கொள்ளும் அச்சமும் நம்பிக்கையும் ஒருங்கே பிழைபடும். இவ்வுண்மையைத் தமிழ் வகுப்பிற் கற்றதினும், சென்ற கோடை விடுமுறையில் பரமத்தி வேலூரிற் காவிரிக்கரையில் யாம் கற்றது மிகுதி. அதனை நம் கல்லூரி அன்பர்க்கு ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

எம் தாய்மாமன் இராக்காலத்தில் தூண்டிலிட்டு மீன் பிடிக்கும் பழக்கமுடையவர். இருளிற் பச்சையாய் ஒளிரும் ரப்பர் மீன்கள் இரண்டினை ஒரு கடையில் விலைக்கு வாங்கிவந்தார். பகலொளி காட்டினாலும் விளக்கொளி காட்டினாலும் அவை ஒளிரும் என்று கடைக்காரர் சொன்னாராம். மாமா அவற்றை அரிக்கேன் விளக்கின் பக்கத்தில் அரைமணி நேரம் வைத்திருந்து, பின்பு மடுவில் எறிந்தார். பொய்யிரை சற்றே மங்கலாய்த் தோன்றி, விரைவில் அவிந்துபோயிற்று. "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், மாப்பிள்ளை" என்று அவர் வருந்தினார். அத்தையோ, "அது ரேடியம். உடம்புக்கு நஞ்சு. பிள்ளைகள் தொடலாகாது" என்று அவற்றைக் குழிதோண்டிப் புதைக்கவே துணிந்துவிட்டார். ஒருவர் அப்பொருளைப் பழித்தார், மற்றொருவர் அஞ்சினார். இரண்டிற்கும் காரணம் உண்டா என்று ஆராயப் புகுந்தோம்.

நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் 'ரேடியம்' என்னும் ஒரு சொல் மூன்று பொருள்களுக்கு வழங்குகின்றது. முதலாவது, கியூரி தம்பதியர் 1898 இல் கண்ட மெய்யான ரேடியம். அது அணுச்சிதைவினால் ஓயாது கதிர்வீசும் இயல்பினது. அக்கதிர்கள் துத்தநாகக் கந்தகச் சாயத்தின்மேற் பட அச்சாயம் ஒளிர்ந்தது. முற்காலத்துக் கடிகார முகப்புகளில் அதனைப் பூசினர். அமெரிக்காவில் அவ்வேலை செய்த இளம்பெண்கள், தூரிகையின் முனையை உதட்டால் கூர்மையாக்கியபோது ரேடியத்தை உட்கொண்டு, 1920 களில் எலும்பு நோயுற்று மாண்டனர். அத்தையின் அச்சத்திற்கு வேர் இதுவே. இரண்டாவது, நாமக்கல் லாரிகளின் பின்புறத்தில் ஒட்டும் தாள். அதில் ரேடியம் அணுவளவும் இல்லை. நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டைகளோ எதிரே வரும் வண்டியின் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்புகின்றன. வண்டி கடந்தவுடன் தாளும் இருண்டுவிடும். மூன்றாவது, எம் மாமா வாங்கிய இரை போன்றது. அது தானே கதிர்வீசுவதும் அன்று; ஒளியைத் திருப்புவதும் அன்று. பெற்ற ஒளியைத் தன்னுள் வைத்துச் சிறிது சிறிதாய் வெளிவிடுவது. இதற்கு நம் பௌதிக நூலார் 'நின்றொளிர்தல்' என்று பெயரிட்டனர். பட்ட ஒளி நீங்கிய பின்னும் நின்று ஒளிர்தலின் அது மிகப் பொருத்தமான பெயர்.

இவ்வியல்பு புதிதன்று. இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரில், ஏறத்தாழ 1603 இல், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் பாரக்கல்லைக் கரியோடு சுட்டு, இருளில் ஒளிரும் பொருளொன்றைப் பெற்றார். பின்னாளில் துத்தநாகக் கந்தகச் சாயம் வந்தது. அதன் ஒளி நெடுநேரம் நில்லாது. 1993 இல், கடிகாரச் சாயம் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமாகிய நெமோட்டோ, ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்பதனோடு யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்பவற்றைச் சிறிதளவு சேர்த்துப் புதிய சாயம் ஆக்கிற்று. அது பன்மடங்கு பிரகாசமாய்ப் பல மணி நேரம் ஒளிரும். கதிர்வீசும் பொருளை விலக்க விழைந்ததன் பயன் இது.

ஒளி பட்டவுடன் அப்பொருளினுள் எலெக்ட்ரான்கள் தம் இடத்தினின்று கிளர்ந்தெழுந்து, ஆங்காங்குள்ள பள்ளங்களிற் சிக்கிக்கொள்கின்றன. சுற்றுப்புறத்து வெப்பம் அவற்றைச் சிறிது சிறிதாய் விடுவிக்க, மீளும்போது பச்சையொளி பிறக்கின்றது. ஆதலின் முதலில் ஒளி மிகுந்தும், பின்னர் விரைந்து குறைந்தும், இறுதியில் மெல்லியதாய் நெடுநேரம் நின்றும் தோன்றும். குளிர்ந்த நீரில் ஒளி சற்று மங்கும், ஆயினும் நீடிக்கும்.

அங்ஙனமாயின் அரிக்கேன் விளக்கு ஏன் பயன்படவில்லை? எலெக்ட்ரானைக் கிளப்ப ஆற்றல் மிகுந்த நீலமும் ஊதாவும் வேண்டும். மண்ணெண்ணெய்ச் சுடரில் மஞ்சளும் சிவப்பும் வெம்மையுமே மிகுதி. வீட்டினுள் இருட்டறையில் யாம் சோதித்தோம். சைக்கிளின் சிவப்பு விளக்கின் முன் பத்து நிமிடம் வைத்தும் ஒளி சிறிதும் ஏறவில்லை. வெள்ளை எல்.இ.டி. டார்ச்சை நெருங்கக் காட்டியபோது ஒரு நிமிடத்திற்குள் இரை பளிச்சென ஒளிர்ந்தது. அவ்வகை விளக்கின் உள்ளே நீல ஒளியே மூலம். வெயிலிற் காட்டியபோதும் அவ்வாறே. ஐந்து நிமிடம் காட்டினும் ஒளி மிகவில்லை. மேட்டூர் அணை 120 அடி நிரம்பிய பின் வரும் நீரெல்லாம் பதினாறு கண் மதகின் வழியே போய்விடுவதுபோல, பள்ளங்கள் நிறைந்தபின் படும் ஒளி வீணே.

தூண்டிலிடுவோர் அறியத்தக்கன மூன்று. நெடுநேரம் ஒருமுறை காட்டுவதினும், மங்குந்தோறும் ஒரு நிமிடம் காட்டுதல் நன்று. இரையையும் டார்ச்சையும் துணிப்பையினுள் வைத்தே ஒளியூட்டுக. கண்ணில் வெள்ளொளி பட்டால் இருட்பார்வை முழுதும் மீள 20 நிமிடத்திற்கு மேலாகும், அதற்குள் பாசிபடிந்த பாறையிற் கால் வைத்தல் உயிருக்கே கேடு. மூன்றாவது, ஒளி ஒன்றே மீனைத் தராது. வாளையும் கெளுத்தியும் மீசையாலும் மோப்பத்தாலும் இரை தேடுவன. கண்ணால் வேட்டையாடும் மீனுக்கே ஒளி துணையாகும்.

மறுநாள் இரவு மாமா துணிப்பையோடு சென்றார். மீன் ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் கடைக்காரரைப் பழித்த சொல்லைத் திரும்பப் பெற்றார். அத்தை இரைகளைப் புதைக்கவில்லை. முள் இருத்தலின் பிள்ளைகளுக்கு எட்டாத உறியில் வைத்தார். அஞ்சவேண்டியது ரேடியத்தை அன்று, முள்ளை என்பது இப்போது அவருக்குத் தெளிவு. பொருளறிந்து பெயர் வழங்கினால் பழியும் அச்சமும் தத்தம் இடத்திற் சென்று நிற்கும். அத்தொண்டு தமிழ் பயில்வோர்க்கும் உரியதென்று எண்ணுகின்றோம்.